வெட்டப்படாத சட்டை

குறி தவறுவதில் என்னை மிஞ்சிய நண்பனுக்கு,

ஐடஹோ மலையில் பனி விழுந்துவிட்டது. நீ வராவிட்டால் வேட்டை நின்றுவிடுமா என்ன? குடிசைக்குத் தனியாகவே வந்தேன். காபியை மட்டும் பழக்கத்தில் மூன்று பேருக்குப் போட்டுவிட்டேன்.

நேற்று ஓடைக்கு மேலே பெரிய கொம்புமான் ஒன்று, கல்லெறியும் தூரத்தில் நின்றது. சுட்டேன். தவறிவிட்டது. சிரிக்காதே.

குடிசைக்குத் திரும்பியதும் சட்டையை வெளியே இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். குறி தவறியவனின் சட்டைப் பின்புறத்தில் ஒரு துண்டை வெட்டி உத்தரத்தில் ஆணியடிப்பதுதானே நம் வழக்கம். "ஆடாம நில்லுடா, தோலும் சேந்து வந்துரப்போகுது" என்று நம் வெர்னன் கத்தியோடு வருவானே, அதற்காகக் காத்து நின்றேன். அடுப்பில் விறகு மட்டும் வெடித்தது.

அவனைப் புதைத்த அன்று, "இனிமே மலைப் பக்கமே வரமாட்டேன், என்னைக் கூப்பிடாத" என்றாய். நானும் கூப்பிடவில்லை. உத்தரத்தில் தொங்கும் துண்டுகளில் பாதி உன்னுடையவை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சாமான் கொண்டுவந்த கோவேறு கழுதைக்காரன் இன்று கீழே இறங்குகிறான். இதை உன் கதவில் செருகச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைவரை இங்கேதான் இருப்பேன்.

இது அழைப்பு இல்லை. நானே வெட்டிக்கொள்ளலாம் என்றுதான் கத்தியை எடுத்தேன். முதுகுப் பக்கம் கை எட்டவில்லை.

இன்னும் அதே சட்டையில்,
உன் கூட்டாளி