வெட்டி வந்த துணியும் விதுஷாவின் காலளவும்

மடுல்சீமை, மேல் டிவிசன்
2008 கார்த்திகை

அன்பு மகள் யோகலெச்சுமிக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நாங்க குளிரும் இருமலுமா எப்படியோ இருக்கோம், நீ அந்த சைப்ரஸ் தேசத்துல சோறு தண்ணிக்குக் குறையில்லாம, கைகால் சுகத்தோட இருக்கணும்னு மாரியம்மாவ வேண்டிக்கிறேன். வழமை போல நான் சொல்லச் சொல்ல தங்கச்சி தர்சினிதான் எழுதுறா. (அக்கா, டிசம்பர்ல பரீட்ச. கணக்கு படிக்க உட்கார்ந்தவள இழுத்து வந்து காரியதரிசி ஆக்கிட்டாங்க. சம்பளம் ஏச்சு, போனஸ் குட்டு.) சொன்னத மட்டும் எழுதுன்னு சொல்லியிருக்கேன், எழுதுவாளோ என்னமோ.

போன ஞாயித்துக்கிழம நீ கோல் எடுத்தியே, அதைப் பத்தித்தான் இந்தக் கடிதம். உன் மக விதுஷா காலையிலேயே தலை சீவி, பவுடர் போட்டு, பொட்டு வச்சுக்கிட்டு போனுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. போன்ல முகம் தெரியாதுன்னு தர்சினி எவ்வளவோ சொல்லியும் கேக்கல. உனக்குச் சொல்லணும்னு ஒரு பாட்டு வேற பாடமாக்கி வச்சிருந்தா. நீ எடுத்த எடுப்புல கேட்டது மர்லியாகிட்ட குடுத்துவிட்ட துணிய. துணியெல்லாம் துவைச்சு நாசமாக்கிட்டீங்களாமே, மர்லியா சொன்னா, உங்களுக்கு அறிவிருக்கான்னு கேட்ட. பெத்தவளப் பார்த்துக் கேட்ட, கேட்டுட்டுப் போ. இனி வேலை வீட்டு மேடத்துக்கிட்ட எந்த முகத்தோட லீவு கேப்பேன், இந்த முறை வர முடியாது போலன்னு சொல்லிட்டு, காசு முடியுதுன்னு வச்சிட்ட. பிள்ளைய ஒரு வார்த்த விசாரிக்கல. அது, அந்தத் துணிய அம்மாவுக்கே திருப்பிக் குடுத்திட்டா என்கூடப் பேசுவாங்களான்னு கேட்டுச்சு.

நடந்தது என்னன்னு நீ முழுசாக் கேக்கல, இப்ப கேளு. உன் மேடத்தோட மகளுக்குப் பிறக்கப்போற பிள்ளைக்கு எங்கம்மா கையால துண்டுத்துணிப் போர்வை தைச்சுத் தருவாங்கன்னு வாக்குக் குடுத்தது நீ. அந்த சந்தோசத்துல ஜனவரிக்கு லீவு கேக்கலாம்னு கணக்குப் போட்டதும் நீ. அங்க உனக்குப் பக்கத்து வீட்டுல வேலை செஞ்ச மர்லியா பதுளைக்கு லீவுல வந்தப்ப அவகிட்ட துணிக்கட்டக் குடுத்துவிட்ட. அளவா வெட்டி அடுக்கி ரிப்பன் கட்டின துணி. ஒவ்வொரு கட்டுக்கும் நீ எழுதியிருந்த பேரத் தர்சினி வாசிச்சா எனக்குத் தலை சுத்துச்சு. (பட்டியாச் சுருட்டினதுக்கு ஜெலி ரோல், பெரிய சதுரத்துக்குக் கேக். துணிக்கடையா, பேக்கரியா அக்கா அது? இன்னொன்னுக்கு ஃபெட் குவார்ட்டர்னு எழுதியிருந்தியே, தடிச்ச கால்னு அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். ஐயோ, அந்த மேடத்துக்கு யானைக்காலான்னு அழாத குறையாக் கேட்டாங்க.) சிரிப்பா சிரிக்கிறா, சிரிக்கட்டும்.

பச்சப்பிள்ள உடம்புல புதுத்துணி படக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? நீ பிறந்தப்ப அப்பாவோட பழைய சாரத்துலதான் சுத்தினேன். உன் மகளையும் அப்படித்தான். கஞ்சி விறைப்புப் போய்த் துணி பழசாகித் தொய்ஞ்சாத்தான் பிள்ளைக்கு அறுக்காது. யார் பெத்தா என்ன, பிள்ள பிள்ளதானேன்னு நினைச்சு, தைக்கிறதுக்கு முன்னாடியே அத்தனை துண்டையும் வெந்நீர்ல ஊறப்போட்டு, பீலித் தண்ணிக்குக் கொண்டுபோய்க் கல்லுல அடிச்சுத் துவைச்சு, தேயிலைச் செடி மேல காயப்போட்டேன். காய்ஞ்சு எடுத்தா ஒன்னு சுருங்கியிருக்கு, ஒன்னு கோணியிருக்கு, ஓரத்துல பல்லுப் பல்லா வெட்டியிருந்த இடமெல்லாம் நூல் பிரிஞ்சு தொங்குது. (எல்லாத் துணிக்கும் அப்பா மாதிரி தாடி முளைச்சிருச்சு.) நான் கெட்ட எண்ணத்துல செய்யல யோகம். பார்க்காத ஒரு பிள்ளைக்கு நல்லது செய்யப்போய் என் பிள்ளைக்கிட்ட ஏச்சு வாங்கினேன்.

அதுக்கும் சும்மா இருக்கல. பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் ஒரு துணிக்கடையில அஞ்சு இஞ்சியில சதுரம் இருக்கான்னு கேட்டேன். கடைப் பொடியன், இஞ்சி வேணும்னா சந்தைக்குப் போங்கம்மா, இங்க மீட்டர்லதான் வெட்டுவோம்னு நக்கல் அடிச்சான். பிறகு மர்லியா வீட்டுக்கே போனேன். பிறகு உனக்குப் போட்டுக் குடுத்தவ அவதான், ஆனாலும் அன்னைக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, அந்த நாட்டுல பார்த்துப் பழகினத எல்லாம் விளக்கினா. உனக்கு உதவும், கவனமா வாசி. இனி நீ வாங்கினா கட்டோட பேரப் பார்த்து வாங்காத, அளவக் கேட்டு வாங்கு. சின்னச் சதுரம் அஞ்சு இஞ்சி, பெரிய சதுரம் பத்து, பட்டி ரெண்டரை இஞ்சி அகலம். தைக்கிறப்ப சுத்திவரக் கால் இஞ்சி உள்ள போயிரும், அப்ப அஞ்சு நாலரையாத்தான் நிக்கும், பத்து ஒன்பதரை, பட்டி ரெண்டு. அத மறந்து கணக்குப் போட்டா போர்வை தொட்டிலுக்கே எட்டாது. ஓரப் பல்லு நுனியையும் சேர்த்துத்தான் அளவு சொல்றாங்களான்னு கேட்டுக்க. அந்தத் தடிச்ச கால் இருக்கே, அது கால் கெஜந்தான், ஆனா ஒடுக்கமா நீட்டி வெட்டாம பதினெட்டுக்கு இருபத்திரண்டா அகலமா வெட்டினது. பெரிய பூப்போட்ட துணின்னா அதுலதான் வாங்கணும், சின்னச் சதுரத்துல வாங்கினா பூவோட காம்பு மட்டுந்தான் மிஞ்சும். முக்கியமா, வெட்டி வந்தத முன்னாடியே துவைக்கக்கூடாதாம், தைச்சு முடிச்ச பிறகுதானாம். இந்த ஒரு வார்த்தைய நீ கட்டோட சேர்த்து எழுதி அனுப்பியிருந்தா எனக்கு இந்தப் பேச்சு வந்திருக்காது.

மேடத்துக்கு வேணும்னா அங்கேயே வேற கட்டு வாங்கி நீயே தைச்சுக் குடு. என்னால இனி ஏலாது. கெட்டுப்போன துண்டுகள வீசவும் மனசு வரல. எது ஆகச் சின்னதோ அந்த அளவுக்கு மத்த எல்லாத்தையும் வெட்டிச் சரியாக்கி, அடியில என் பழைய சேலைய வச்சுத் தைச்சேன். சின்னதாத்தான் வந்துச்சு. விதுஷாவுக்குக் குடுத்திட்டேன். கழுத்துல இருந்து பாதம் வரைக்கும் இப்ப மட்டுமட்டா இருக்கு. அம்மா அனுப்பின துணின்னு லயத்துல வீடு வீடாக் காட்டிக்கிட்டுத் திரியுது. உனக்கு அது நாசமாப் போன துணி. அதுக்கு அதுதான் அம்மா.

வர்ற ஜனவரியில பிள்ள ஒன்னாம் வகுப்புக்குப் போகுது. முத நாள் நானே கையப் பிடிச்சுக் கூட்டிப்போவேன்னு சொன்னது நீதான், நாங்க சொல்லல. உன் வீட்டுக்காரர் கொழும்புக் கடையில லீவு இல்லன்னு கையை விரிச்சிட்டார். இப்ப நீயும் விரிக்கிற. சப்பாத்து அனுப்புறேன், பேப்பர்ல காலளவு வரைஞ்சு அனுப்புங்கன்னு போன கடிதத்துல கேட்டிருந்த. அனுப்ப மாட்டேன். அளவ அனுப்பி அனுப்பித்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கு. சட்டைக்கு அளவு, வளையலுக்கு அளவு, இப்ப காலுக்கு. பெத்த பிள்ளையோட கால நீயே வந்து பாரு. வாய் திறந்து மேடத்துக்கிட்ட லீவு கேளு, போர்வை இல்லாட்டிக் கேக்கக்கூடாதுன்னு சட்டமா? கோவத்துல ஏதும் கூடிப்போயிருந்தா மனசுல வச்சுக்காத. அங்க குளிராமே, காதை மூடிக்கிட்டு வேலை செய். நேரத்துக்குச் சாப்பிடு. மாரியம்மா உன்ன எங்க வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சொன்ன நாள மறந்திராத.

உன்னப் பெத்த வயித்தோட,
அம்மா ரெங்கம்மா

(அக்கா, அம்மா அடுப்படிக்குப் போயிட்டாங்க. இது அவங்களுக்குத் தெரியாது. இந்தத் தாளோட பின்பக்கத்துல விதுஷாவோட கால வரைஞ்சிருக்கேன். கூசுது சித்தின்னு நெளிஞ்சதுல சுண்டு விரல்கிட்டக் கோடு கோணிருச்சு. அந்தப் பிள்ள வளருது, அரை இஞ்சி கூட விட்டே வாங்கு. ஆனா தபால்ல மட்டும் அனுப்பாத. கையில கொண்டு வா. - தர்சினி)