ஓடைக்குப் போன அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மாவின் படுக்கைப்புண் எப்படி இருக்கிறது? நான் வண்டி ஏறும்போது நீ கையில் ஈரத்துணியோடு வாசலில் நின்றாயே, அது கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஓடை சின்னது. இறங்கினால் முழங்கால் நனையும், அவ்வளவுதான். என்னை அழைத்து வந்த நம் பக்கத்து வீட்டு ஈரக்கால் அண்ணனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று இங்கே வந்துதான் புரிந்தது. மனிதர் தண்ணீரைவிட்டு ஏறுவதே இல்லை. தங்கத்துக்கு ஓடை வளைவுகளின் உள்பக்கம்தான் தோண்ட வேண்டுமாம். சரளையை அள்ளி, சாய்த்து வைத்த மரத்தொட்டியில் கொட்டித் தண்ணீர் விடுகிறோம். கல்லெல்லாம் ஓடிவிடும். அடியில் விரித்த முரட்டுத்துணியில் கருமணல் தங்கும். அதைத் தட்டில் போட்டு அலசினால் ஓரத்தில் மெல்லிய கோடாகத் தங்கம். கட்டி கிட்டி எல்லாம் இல்லை, வெறும் மாவு. அசந்தால் தண்ணீர்மேல் மிதந்து போய்விடுகிறது. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் சமர்த்தாக அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நான் வேலை பார்த்த தையல் ஆலையை மூடியதிலிருந்து ஒரு வருடமாக நான்தானே அம்மாவோடு இருந்தேன். திடீரென்று எல்லாவற்றையும் உன் தலையில் கட்டிவிட்டு வந்தது மனசை அறுக்கிறது. மழைக்கு முன்னால் வந்துவிடுவேன். சாலையோரக் கடையில் தொலைபேசி இருக்கிறது. ஏதாவது அவசரம் என்றால் அங்கே கூப்பிடு. கடைக்காரர் ஆள் அனுப்பிச் சொல்வார். அன்று மாலையே வீட்டில் இருப்பேன்.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித்தானே ஆரம்பிக்க வேண்டும்? இருவரில் ஒருத்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. அது அம்மா இல்லை.

புண் ஆறி வருகிறது. ஆனால் அம்மாவுக்கு நான் யாரென்றே தெரிவதில்லை. “பெரியவளே, தண்ணி குடு” என்கிறாள். “நான் சின்னவம்மா” என்றால், “சின்னவ எங்க வரப்போறா, அவளுக்கு வேலை” என்று திரும்பிக்கொள்கிறாள். சரியென்று இப்போதெல்லாம் பெரியவளாகவே போய்த் தண்ணீர் கொடுக்கிறேன். உன் பெயரில் நல்ல பெயர் வாங்குகிறேன், போ.

மருந்துக்கடையில் அரைநாள் வேலையாகக் குறைத்துக்கொண்டேன். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் சொல்கிறேன்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரத்திலேயே நிற்காதே.

சின்னவள்


மார்ச் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தும் உடனே பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போதுதான் ஓடை நல்ல தங்கம் தர ஆரம்பித்திருக்கிறது. இந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்தால் இத்தனை நாள் பட்ட பாடு வீண். பாறை இடுக்குகளில் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டிக் கழுவினால் அதிலும் தூள் மின்னுகிறது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். வந்ததும் அம்மாவை முழுக்க நானே பார்த்துக்கொள்கிறேன். நீ கால் நீட்டிப் படு.

நீ தனியாக அம்மாவைத் தூக்கிப் புரட்டுகிறாய் என்று நினைக்கும்போது தட்டு கையிலிருந்து நழுவுகிறது. என்னைத் திட்டிக்கொள். திட்டினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

உன் அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

அம்மா அப்படியேதான் இருக்கிறாள். அவசரம் ஒன்றும் இல்லை. உன் வேலையை முடித்துக்கொண்டே வா.

ஈரக்கால் அண்ணன் ஊருக்குத் திரும்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனார்.

சின்னவள்


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாமான்களை எடுத்துவர ஓடைக்குப் போனதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ இங்கே இருந்தவரை முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா போன அன்று தகவல் கேட்டு நீ வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். “ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா உயிரோட மூஞ்சியப் பார்த்திருப்பேனே” என்றாய். “யாருக்கும்மா தெரியும்” என்று எல்லாரும் தேற்றினார்கள். நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

எனக்குத் தெரியும் அக்கா.

உனக்கு அவசரம் இல்லை என்று எழுதினேனே, அன்று காலையில்தான் டாக்டர் வந்துவிட்டுப் போயிருந்தார். “இனிமே ரொம்ப நாள் தாங்காதும்மா. வரவேண்டியவங்க இருந்தா சொல்லி அனுப்பிடுங்க” என்றார். உன் சாலையோரக் கடையின் எண்ணைச் சுழற்றவும் ஆரம்பித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஈரக்கால் அண்ணன் உள்ளே வந்தார். “அக்காவுக்கா பேசுற? வரச் சொல்லும்மா. ஓடையில ஒண்ணும் இல்ல, போன மாசமே தீர்ந்துபோச்சு. நாங்கல்லாம் கெளம்பிட்டோம். அது மட்டும் ஏன் அங்க ஒக்காந்திருக்குன்னு தெரியல” என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஓடை நல்ல தங்கம் தருகிறது என்று நீ எழுதிய கடிதம் மேசைமேல்தான் இருந்தது. இல்லாத தங்கம் தீர்ந்த பிறகே வரட்டும் என்று வெறுப்பில்தான் உனக்கு அப்படி எழுதினேன்.

கோபம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை. அதைத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சின்னவளே, நீயா இத்தனை நாளா இருந்த?” என்று கேட்டாள். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நீ வந்தால் உன் பக்கம் திரும்பிவிடுவாள் என்று பயந்தேன். அந்தச் சில நாட்கள் எனக்கே எனக்கென்று வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டேன். உன்னுடையதையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

இதைப் படித்த பிறகு நீ இந்த வீட்டுக்கு வராவிட்டாலும் கேட்க எனக்கு வாய் இல்லை.

சின்னவள்


மே 7

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை ஓடைக்கரையில் உட்கார்ந்து படித்தேன். மடித்து வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் இருட்டும்வரை தோண்டினேன். எதற்கென்று கேட்காதே. அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் சொன்னது சரி. நான் எழுதியதுதான் பொய். மற்றவர்கள் சாமான் கட்டியபோது நானும் பாயைச் சுருட்டினேன். மறுபடி விரித்துவிட்டேன். இங்கே “பெரியவளே” என்று என்னைக் கூப்பிட யாரும் இல்லை, அதுதான் காரணம். தட்டைச் சுற்றிச் சுற்றி அலசிக்கொண்டிருந்தால், வீட்டில் அம்மா என்று ஒருத்தி படுத்திருப்பதே மறந்துபோகும். மறந்தேன் என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் கூசும். அந்தக் கூச்சத்தை மறக்க மறுபடி தட்டை எடுப்பேன். இத்தனை நாளும் இப்படித்தான் ஓடியது.

சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேன் என்று அத்தனை பேர் முன்னால் அழுதேன். உண்மையிலேயே வந்திருப்பேனா? இன்னும் ஒரு தட்டு அலசிவிட்டு நாளைக்குக் கிளம்பலாம் என்று இருந்திருப்பேனோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ளக்கூட நீ விடவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான். அம்மா கடைசியில் உன் கையைப் பிடித்தாள் என்று படித்தபோது பொறாமையாக இருந்தது. பிறகு, நல்லவேளை, யாரோ ஒருத்தியாவது பக்கத்தில் இருந்தாளே என்றும் இருந்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறேன். அம்மாவின் கட்டிலை நீ தனியாக நகர்த்தாதே, நான் வந்து ஒரு பக்கம் பிடிக்கிறேன். வந்ததும் உன்னோடு சண்டை போடுவேன். நீயும் வாயை மூடிக்கொண்டு நிற்காதே, பதிலுக்குப் போடு. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்.

எனக்கும் சேர்த்துச் சமைத்து வை.

அக்கா