வெள்ளை கட்டிய கூரை

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நீ, நான், மாதர் சங்கத்தில் நம்மோடு இருந்த மரியாயி, செல்லம்மா, உதவி கொடுக்கிற ஆபீஸிலிருந்து வந்த, நோனா என்று நாம் கூப்பிட்ட சிங்களத்து அம்மா, அவருடைய டிரைவர், பெருமாள் கங்காணி. அப்புறம் தொட்டிலிலும் பாயிலுமாகப் பதினான்கு பிள்ளைகள். ஒருத்தரையும் நான் மறக்கவில்லை.

இன்று காலை சுண்ணாம்பு வாசம் அடித்ததும் அத்தனை பேரும் என் கண்முன் வந்து நின்றார்கள். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். நாளைக்கு வேறொரு ஆபீஸிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. கூரை மட்டும் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது.

தோட்டத்தைக் கம்பெனிக்குக் கொடுத்த பிறகு ஒழுகுகிற அந்தக் கூரை யாருடையது என்றே தெரியாமல் போயிற்று. கம்பெனியைக் கேட்டால் அரசாங்கம் என்றார்கள், அரசாங்கத்தைக் கேட்டால் கம்பெனி என்றார்கள். ரப்பர் பால் வெட்டப் போன தாய்மார் வாளியோடு நிறுவைக்கு நிற்கிற நேரம் பார்த்துத்தான் மழை பிடிக்கும். பாலை விட்டுவிட்டு அவர்கள் ஓடிவர முடியாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட நீதான் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு லயத்தில் உன் வீட்டுக்கு ஓடுவாய். போய் வைத்துவிட்டுத் திரும்பி வருவாய். பதினான்கு பிள்ளைக்கு ஏழு நடை.

சங்கம் கேட்டது பத்துத் தகரம். வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கு உதவி கொடுக்கிற அந்த ஆபீஸ் பதிவு கேட்டது, பதிந்தோம். கூட்டம் போட்ட புத்தகம் கேட்டது, எழுதி வைத்தோம். பிறகு பயிற்சி என்று தெஹியோவிட்ட டவுனுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய தாளைக் கொடுத்து, மரம் ஒன்று வரையுங்கள், அதன் வேரில் உங்கள் பிரச்சினைகளை எழுதுங்கள் என்றார்கள். நீ ரப்பர் மரம் வரைந்து, பால் சிரட்டையும் கட்டித் தொங்கவிட்டாய்.

“வேர்ல என்ன எழுதப் போறீங்க?” என்று பயிற்சிக்காரப் பிள்ளை கேட்டது.

“எங்க பிரச்சின வேர்ல இல்லீங்க, கூரையில இருக்கு” என்றாய். மரியாயி சிரித்த சிரிப்பில் அவள் சோற்றுப் பார்சல் கீழே விழுந்தது. எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பை கொடுத்து அனுப்பினார்கள். பை நல்ல பைதான். அதில் மழை ஒழுகாது.

கடைசியில் கூரையை நேரில் பார்க்க நோனா வருகிறார் என்று கடிதம் வந்தது. நம் சனத்தின் புத்தி அங்கேதான் வேலை செய்தது. துரை வருகிறார் என்றால் வாசல் கூட்டி, அழுக்கை மறைத்துப் பழகிய சனம். பெருமாள் கங்காணி தானாகவே சங்கத்துக்குப் போசகர் என்று பெரிய மனுஷன் ஆகியிருந்தான். முதல் நாளே சுவருக்கு வெள்ளை அடிக்க வைத்தான். கல்யாணத்துக்குக் கட்டுகிற மாதிரி கூரைக்கு அடியில் வெள்ளைத் துணி கட்ட வைத்தான். ஓட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை.

“ஐயோ, அவங்க பாக்க வர்றதே அந்த ஓட்டையத்தானே!” என்று நீ கத்தினாய்.

“வர்றவங்க முன்னாடி தோட்டத்து மானத்த வாங்காத” என்றான்.

நோனா அண்ணாந்து பார்த்து, “ஹரி லஸ்ஸனய்” என்றார். அழகாக இருக்கிறதாம். உங்களுக்கு என்ன குறை என்று சிங்களத்தில் கேட்டார். பெருமாள்தான் மொழிபெயர்த்தான்.

“அம்மா, இந்தத் துணிய அவுத்துப் பாருங்க. மழ வந்தா புள்ளைங்கள தூக்கிக்கிட்டு ஓட எங் காலு பத்தல” என்று நீ கையெடுத்துக் கும்பிட்டாய்.

உங்கள் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை, நீங்கள் வந்ததே போதும் என்கிறாள்: நீ சொன்னதை அவன் சிங்களத்தில் இப்படிச் சொன்னான். உனக்குச் சிங்களம் வராது. எனக்கு வரும். நான் வாயைத் திறக்கவில்லை. என் மகனுக்கு ஸ்டோரில் வேலை போட்டுத் தருவதாக அவன் சொல்லியிருந்தான்.

உங்கள் சங்கம் சொந்தக் காலில் நிற்கிறது, உங்களைவிட வசதி இல்லாத சங்கத்துக்குத் தகரத்தைக் கொடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. கூடவே, பாராட்டி ஒரு பெயர்ப்பலகை. நல்ல தகரப் பலகை. நீ அதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, தொட்டிலுக்கு மேலே இருந்த பெரிய ஓட்டையில் வைத்து அடித்தாய். “ஒரு தகரம் வந்திருச்சு புள்ள, இன்னும் ஒம்போதுதான்” என்று மேலேயிருந்து சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிச்ச ஓட்டைகளுக்காக நீ சாகிற வருஷம் வரை ஓடினாய். நனைந்து நனைந்துதான் உன் நெஞ்சில் சளி கட்டியது என்று நான் சொல்கிறேன். டொக்டர் வேறு பெயர் சொன்னார். அவர் மழையில் உன்னைப் பார்த்ததில்லை.

பெருமாள் சொன்ன பொய்யை ஆஸ்பத்திரியில் வைத்து உன்னிடம் சொன்னேன். நான் ஊமையாக நின்றதையும் சொன்னேன். “மகனுக்காகத்தானே, விடு புள்ள. அவரையும் விட்டுரு” என்றாய். எல்லாவற்றையும் விடச் சொல்வதே உனக்கு வேலை.

இன்று என் மருமகள்தான் சங்கத் தலைவி. மேலே கட்ட மூன்று வெள்ளைத் துணி வாங்கி வந்திருக்கிறாள். யோசனை சொன்னது யார் என்று நினைக்கிறாய்? அதே ஆள்தான். கண் மங்கி, தடி ஊன்றி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. துணியை என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. “மாமி, சாவிய குடுங்க, மானம் போகுது” என்று மருமகள் காலையிலிருந்து பின்னாலேயே வருகிறாள். போகட்டும். நாளைக்கு வருகிறவர்களிடம் நானே சிங்களத்தில் சொல்வேன், “வஹல பலன்ன”, கூரையைப் பாருங்கள் என்று. அன்றைக்கு என் வாயில் நின்றுபோன சொல் அதுதான். இத்தனை வருஷமாக அங்கேயே கிடக்கிறது.

நோனாவை மன்னித்துவிட்டேன், அவருக்கு நம் பாஷை தெரியாது. நீ மன்னித்ததால் என்னையும் ஒரு மாதிரி மன்னித்துக்கொண்டேன். ஆனால் நீ சொன்னாய் என்பதற்காக எல்லாரையும் விட முடியாது. வழியில் கண்டால் “தெய்வான, சௌக்கியமா?” என்று குரல் கொடுக்கும் ஒருவனுக்கு நான் இன்னும் பதில் சொல்வதில்லை. சாகும்வரை சொல்லமாட்டேன்.

பெருமாள் கங்காணி.