வலது பக்கத்துப் பெட்டி

மெட்டுகுடா,
செகந்திராபாத்.
14.10.2007, ஞாயிறு

அன்புள்ள கிட்டுவுக்கு,

ஜெயராம் எழுதுவது. இங்கே நான், வேதா, ரஷ்மி மூவரும் சௌக்கியம். நாக்பூரில் நீயும் சுபாஸ்ரீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுடைய முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? வருஷத்துக்கு ஒரு பொங்கல் வாழ்த்து, அதிலும் கையெழுத்து மட்டும் என்று காலம் தள்ளுகிறவன், அக்டோபரில் இத்தனை தடியான கவர் அனுப்பியிருக்கிறானே என்று பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கவருக்குள் ஒரு சிடி இருக்கும். அதை இப்போது போடாதே. முதலில் கடிதத்தைப் படித்து முடி. நம் இருவரில் அவசரக்காரன் நான், பொறுமைசாலி நீ என்பது ஊரறிந்த விஷயம்.

மே மாதம் ரிடையர் ஆனேன். ரயில்வே சிக்னல் பிரிவில் நாற்பது வருஷம். மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட்டுக்கு வந்திருக்கிறோம். ரயில் சத்தம் இல்லாத இடத்தில் வேதாவுக்குத் தூக்கம் வராதாம். ரஷ்மிக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். காலையில் வாசலில் ஹாரன் அடிக்கும் ஆபீஸ் வண்டி டிரைவரிடம் மட்டும், ஐந்து நிமிஷம் பொறுக்கச் சொல்லி, "நக்கோ பாய், பாஞ்ச் மினிட்!" என்று பால்கனியிலிருந்து சுத்தமான ஹைதராபாத் பாஷையில் கத்துகிறாள்.

என் மைத்துனன் பாலுவுக்கு நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை அறுபதாம் கல்யாணம். தார்நாகாவில் அவன் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில்தான். பத்திரிகை தனியாக வரும். சாப்பாடு முடிந்த பிறகு ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். எந்தப் பாட்டு என்று நீயே ஊகித்திருப்பாய்.

ஏப்ரிகாட் ஃபெர்ரி. முப்பத்தேழு வருஷமாக நீயும் நானும் இந்தப் பெயரை ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. உன் மகன் கல்யாணத்தில் பாலு உன்னைப் பாடக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்றாய். காரணம் தொண்டை இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை வரிசையாக எழுதப் போகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும் என்பது வேதாவின் உத்தரவு.

1969-ல் லாலாகுடாவில் இருந்த ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு ஒருவர், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகுமுன் வீட்டுச் சாமான்களை விற்றார். பாலுவும் நீயும் நானும் சேர்ந்து அவருடைய ரெக்கார்டு பிளேயரை, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளோடும் பதினொரு இசைத்தட்டுகளோடும் வாங்கி, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பத்து தட்டுகள் எல்லோரும் கேட்டவை. பதினொன்றாவதுதான் மஞ்சள் அட்டை போட்ட, ஏப்ரிகாட் ஃபெர்ரி என்ற கோஷ்டியின் தட்டு. அட்டைப் படத்தில் அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர், ஒரு படகு, அதில் பழக் கூடைகளோடு மூன்று ஆண்கள், ஒரு பெண். ஏப்ரிகாட் என்றால் என்ன என்று பாலு கேட்க, பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்கா, கல்யாண விருந்தில் கடைசியாக இனிப்பாக வைக்கும் குபானிப் பழம்தான் அது என்று சொன்னார். அன்று முதல் நமக்கு அவர்கள் குபானி கோஷ்டி.

கிட்டு, அவர்களைப் போல யாரடா பாடினார்கள்? ரேடியோவில் ஒரு நாளும் போட்டதில்லை. ஊரில் யாருக்கும் தெரியாது. உலகத்திலேயே தெரியாது என்று இப்போதுதான் தெரிகிறது. விற்றதே சில நூறு தட்டுகள்தானாம், ரெக்கார்டு கம்பெனியும் ஒரு வருஷத்தில் மூடிவிட்டதாம். சனிக்கிழமை, வெயில் அடிக்கிறது, படகு தாமதமாக வருகிறது, வரட்டும், என்ன அவசரம் என்று ஒரு பாட்டு. அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு குரல் மேலே கிளம்ப, இன்னொன்று அதன் அடியில் புகுந்து தாங்க, மூன்றாவது கொஞ்சம் காத்திருந்து யாரும் எதிர்பாராத ஸ்வரத்தில் வந்து உட்காரும். ஆளுக்கு ஒரு ஸ்வரம் பாடினாலும் அபஸ்வரம் இல்லை என்பது நமக்கெல்லாம் எத்தனை பெரிய ஆச்சரியமாக இருந்தது! அதைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனால் ஃபோர்மேன் திட்டுவதுகூட இனிமையாக இருக்கும்.

பிறகு அந்தப் பாட்டை நாமே பாடக் கிளம்பினோம். பாலுவின் தங்கை என்ற முறையில் வேதா வந்து மேல் குரலை எடுத்துக்கொண்டாள். பாலு கீழ்க் குரல், நான் நடுக் குரல். நாம் சாயங்காலமெல்லாம் ப-ப-பா என்று கத்துவதைக் கேட்டு, பஞ்சமத்தை விட்டு நகரவே மாட்டேளா என்று என் வருங்கால மாமனார் கேட்டது நினைவிருக்கிறதா? உனக்கு மட்டும் குரல் மிச்சமில்லை. தட்டில் கேட்டதே மூன்று குரல்தான்.

அட்டையில் நான்கு பேர் இருக்கிறார்களே என்று நீ சொன்னாய். படகின் ஓரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பவன் கிடார்க்காரன், பாட்டில் அவனுக்கு வேலையில்லை, சும்மா நிற்கிறான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அவனுக்கு 'சும்மா' என்று பெயர் வைத்தேன். ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை ஆரம்பித்தபோது, நீ திடீரென்று தட்டில் இல்லாத ஒரு நான்காவது குரலைப் பாடினாய். இது எங்கே இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன். நீ கோபப்படவில்லை. "அங்க ஒரு இடம் காலியா இருக்குடா" என்றாய். அதற்கு நான் எல்லோர் எதிரிலும், "காலியா இருக்கறது உன் காது" என்றேன். உனக்கும் சும்மா என்று பெயர் வைத்தேன். குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரு வருஷம் அந்தப் பெயர் ஓடியது.

விழா அன்று நாங்கள் மூவரும் பாடினோம். நீ திரையை இழுத்தாய். மூன்றாம் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டம்ளரில் இன்றைக்கும் காபி குடிக்கிறேன். அடுத்த வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டு நாக்பூர் போய்விட்டாய்.

இப்போது புதுக் கதைக்கு வருகிறேன். ரஷ்மி நான்கு மாதம் அமெரிக்காவில் வேலையாக இருந்துவிட்டுப் போன வாரம் திரும்பினாள். அங்கே ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் என் நச்சரிப்பு தாங்காமல் குபானி கோஷ்டியைப் பற்றி விசாரித்திருக்கிறாள். கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். இந்தியாவில் இவர்களைக் கேட்டவர்கள் இருக்கிறார்களா என்று இரண்டு தடவை கேட்டாராம். யாரோ ஒரு ரசிகர் சொந்தச் செலவில் சிடியாகப் போட்டிருக்கிறார். அதை வாங்கி வந்துவிட்டாள். நம் தட்டு தேய்ந்து, இருபது வருஷமாக அதில் கரகரப்பைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. ரஷ்மி தன் ஹெட்போனை என் தலையில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்றாள்.

முதலில் டிரம்ஸ் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. குபானி கோஷ்டிக்கு டிரம்ஸ் ஏது? டிரம்ஸே இல்லாமல் பாடுவதுதான் அவர்களுடைய மேதைமை என்று எத்தனை பேரிடம் பிரசங்கம் செய்திருக்கிறேன்! தாளத்துக்காகப் பாலுவை டிபன் காரியர் மூடியில் தட்ட வைத்திருக்கிறேன்! அடுத்து ஒரு டிரம்பெட். பிறகு, என் வலது காதில், நீ பாடினாய்.

நிஜமாகவே நீ வீட்டுக்குள் வந்துவிட்டாய் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்காரன் பாடுகிறான் கிட்டு. நான்காவது குரல். நீ பாடிய அதே இடம், அதே இறக்கம்.

வேதாவைக் கூப்பிட்டு அவள் காதில் மாட்டினேன். கையில் கரண்டியோடு நின்றவள், இரண்டே இடங்களைத் தவிர ஒரு ஸ்வரம் பிசகாமல் அந்த நான்காவது குரலோடு கூடவே பாடிக்கொண்டு போனாள். எப்படி என்று கேட்டேன். "முப்பது வருஷமா சமையலறையில இதைத்தானே முணுமுணுத்துண்டிருக்கேன். கிட்டு பாடினது. உங்க காதுலதான் விழலை" என்றாள். அவள் தன் குரலையே மறந்து தப்பாகப் பாடுகிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். திருத்தவும் செய்திருக்கிறேன்.

16.10.2007, செவ்வாய்

ஞாயிறன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை. இனிமேல் எழுதப் போவதுதான் கஷ்டமான பகுதி.

அந்தக் குரல் எங்கே போயிருந்தது என்று நீ கேட்பாய். ரஷ்மி ஒரு நிமிஷத்தில் விளக்கிவிட்டாள். அந்தக் காலத்து ஸ்டீரியோ தட்டுகளில் பாதிச் சத்தத்தை இடது பெட்டியிலும் மீதியை வலது பெட்டியிலுமாகப் பிரித்து வைப்பார்களாம். ஒரு பெட்டி இல்லாவிட்டால் பாதிப் பாட்டு கிடையாது.

ரிக்‌ஷாவில் வரும்போது வலது பக்கத்துப் பெட்டியின் கம்பி அறுந்துவிட்டது. உங்களிடம் சொல்லவில்லை. பற்றவைக்க ஐந்து நிமிஷம் போதும், நான் சிக்னல்காரன். ஆனால் இரண்டிலும் ஒரே பாட்டுதானே வரப் போகிறது என்று நினைத்து, அதற்குள் இருந்த ஸ்பீக்கரைக் கழற்றி என் அறை ரேடியோவில் மாட்டிவிட்டு, வெறும் பெட்டியை அதன் இடத்திலேயே வைத்துவிட்டேன். புது ஸ்பீக்கர் வாங்கினேன் என்று உங்களிடம் பொய் சொன்னேன். நாம் கிரிக்கெட் வர்ணனை கேட்டோமே, அந்த ஸ்பீக்கர்தான். நீகூடச் சத்தம் கணீரென்று இருக்கிறது என்று பாராட்டினாய். இரண்டு கம்பிகளில் ஒன்று அறுந்தால் ரயிலையே நிறுத்த வேண்டும் என்று நாற்பது வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஆக, உன் குரலை வெட்டியவனும் நானே, அப்படி ஒரு குரலே இல்லை என்று உன்னைத் திரை இழுக்க அனுப்பியவனும் நானே. பெட்டி விஷயத்தை எழுதாமல் சிடியை மட்டும் அனுப்பிவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அப்படிச் செய்தால் கேசரி கிண்ட மாட்டேன் என்றாள் வேதா. கேசரிக்காக எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, கிட்டு. என்னை மன்னித்துவிடு.

இன்னொரு சந்தோஷமான சேதி. சிடியோடு வந்த சின்னப் புத்தகத்தில், எல்லாக் குரல்களையும் பிரித்து அமைத்ததே அந்தக் கண்ணாடிக்காரர்தான் என்று போட்டிருக்கிறது. இப்போது ஏதோ ஊரில் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறாராம். நம்முடைய சும்மா! பாலுவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, அவன் மனைவி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. பெட்டி விஷயத்தையும் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, கிட்டுவிடம் சொல்லியாச்சா என்று மட்டும் கேட்டான்.

நேற்று அந்தப் பாட்டை ஒன்பது முறை கேட்டேன். அன்று எரிச்சலோடு கேட்டதாலோ என்னவோ, உன் குரல் எனக்கு என் குரலைவிட நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு இடங்களில் நீயும் கண்ணாடிக்காரரும் வேறுபடுகிறீர்கள். முதல் இடத்தில் அவருடையது மேல், ஒப்புக்கொள். கடைசி வரியில் மற்ற மூவரும் மேலே போக, அவரும் கூடவே போய்விடுகிறார். நீ போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாய். அதுதான் சரி. எல்லோரும் போய்விட்ட பிறகும் படகுத்துறையில் ஒருவன் சந்தோஷமாக நிற்பது போல இருக்கிறது. வேதாவும் அதையேதான் சொல்கிறாள்.

இப்போது சிடியைப் போடலாம். முதலில் இடது காதில் மட்டும் கேள். அது நாம் கேட்டது. பிறகு வலது காதில் மட்டும் கேள். அது உன்னுடையது. அப்புறம் இரண்டிலும் சேர்த்துக் கேள். அதற்கும் பிறகு கோபம் வந்தால் அங்கேயே இருந்து கோபித்துக்கொள்ளாதே, இங்கே வந்து என்னைத் திட்டு. சுபாஸ்ரீ முன்னால், ரஷ்மி முன்னால், மண்டபத்தில் மைக் வைத்தே திட்டு. 23-ம் தேதி கிளம்பினால் 24 காலை செகந்திராபாத். எந்த ரயிலாக இருந்தாலும் நான் பிளாட்பாரத்தில் நிற்பேன்.

தொண்டை சரியில்லை என்று மட்டும் எழுதாதே. எங்கள் தொண்டைகளின் லட்சணத்தை நீ இன்னும் கேட்கவில்லை. வேதாவுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை, பாலுவுக்கு மூச்சு போதவில்லை, எனக்கு இரண்டும் இல்லை. தினமும் சாயங்காலம் பாலு வீட்டு ஹாலில் ஒத்திகை பார்க்கிறோம். முதலில் வேதா, அடுத்து பாலு, அப்புறம் நான். எனக்கு வலது பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவு விட்டுத்தான் மூவரும் நிற்கிறோம். நேற்று ரஷ்மி விளையாட்டாக அங்கே வந்து நின்றாள், நகரச் சொல்லிவிட்டேன்.

நீயும் உன் குடும்பமும் நீண்ட ஆயுளோடும் குறையாத குரலோடும் இருக்க வேண்டும்.

அங்க ஒரு இடம் காலியா இருக்குடா, கிட்டு. வந்துடு.

என்றும் உன்,
ஜெயராம்