இன்னும் நிற்கவைக்காத குழந்தை

முகுத்தே, மெரிதா மலை
பிப்ரவரி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சுலாய்க்கு,

நீ அத்தனை தூரத்து அயல்நாட்டில், சந்தியாகோவில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று இந்த மலையிலுள்ள எல்லாப் புனிதர்களையும் தொந்தரவு செய்துகொண்டிருக்கும் உன் அம்மா பெனில்தா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, கோழிகள், எருதுகள் எல்லோரும் சுகம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போனைக் காதில் வைத்த உடனே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று, "ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு" என்கிறாரே, அதற்குத்தான். இது அவர் காதில் விழக் கூடாத சமாச்சாரம். பக்கத்து வீட்டு எதில்யாவின் கொழுந்தன் சந்தியாகோவுக்குப் பஸ் ஏறுகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உறை பிரிந்திருந்தால் பிரித்தது எதில்யாதான். எதில்யா, படித்தது போதும், மூடி ஒட்டிவிடு.

முதலில் வயல் சேதி. பூண்டு நன்றாக வந்திருக்கிறது. கேரட்டில் ஒரு பகுதியைப் பனி கருக்கிவிட்டது. ரசாயன மருந்தடிக்கிறவர்களுக்கும் அதே பனிதான், ஆனால் மருந்தடிக்காத நமக்குக் கருகினால் மட்டும் ஊருக்கே தெரிகிறது. உன் அப்பா வழக்கம்போலக் காஞ்சொறியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் செடிகளுக்குத் தெளித்துவிட்டு, அதே நாற்றத்தோடு அரேப்பா ரொட்டி தின்ன வந்து உட்காருகிறார். கையைக் கழுவுங்கள் என்றால், "வெறும் இலைதானே பெனில்தா, விஷமா என்ன?" என்று கேட்கிறார். இதே பதிலைக் கல்யாணமான வருடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

களையெடுக்க வேண்டிய மனிதர் ஊர் வம்பையெல்லாம் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பங்குச் சாமியாரின் கம்பளிக் காலுறைகள் கொடியிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. துணி துவைக்கிற ரொசால்பா மேல் பழி விழுந்தது. அவள் நம் அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். உன் அப்பா கோவிலுக்குப் பின்னால் போய்த் தரையைக் குனிந்து பார்த்தார், முகர்ந்தார், மண்ணை விரலால் தேய்த்தார். அப்புறம் நேராக நம் எருக்குவியலுக்கு வந்தார். கோழிகள் சில நாளாகவே அதன் தென்பக்கம் போகாமல் இருந்ததை அவர் முன்பே கவனித்திருக்கிறார். வைக்கோலைக் கையால் விலக்கினால், உள்ளே சாமியாரின் நாய்! காலுறைகளை மெத்தையாகப் போட்டுக் குட்டிகளோடு படுத்திருக்கிறது. இந்தக் குளிரில் எரு வெந்து கிளம்புகிற சூட்டைவிட நல்ல பிரசவ அறை அதற்கு எங்கே கிடைக்கும்?

சாமியார் வந்து பார்த்துவிட்டு, "என்ன அமதேயோ, என் நாய்க்கே என் வீட்டைவிட உங்க குப்பைதான் பிடிச்சிருக்கு போல" என்றார். இவர், "ரசாயனம் கலக்காத குப்பை சாமி, நாய்க்குக்கூடத் தெரியுது" என்று சொன்னார் பார், அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை. ரொசால்பா உன் அப்பாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அன்றிலிருந்து எதைத் தொலைத்தாலும், "அமதேயோ அண்ணன்கிட்ட கேளுங்க" என்று நம் வேலியோரம் வந்து நிற்கிறார்கள். நானும் காப்பி போட்டுக் கொடுத்தே தேய்ந்துபோகிறேன்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து சில நாள் கழித்து ஒரு காலையில் பார்த்தால், கிறிஸ்துமஸ் குடிலில் நம் குழந்தை யேசு சுரூபத்தைக் காணோம். மாடு இருக்கிறது, கழுதை இருக்கிறது, சூசையப்பர் எலி கடித்த தொப்பியோடு நிற்கிறார், நடுவில் வெறும் வைக்கோல். நான் பதறவில்லை. குழந்தையைத் திருடுவது நம் ஊரில் பாவமா என்ன? பிப்ரவரி தொடக்கத்து மெழுகுவர்த்தித் திருநாளுக்குள், குடிலில் படுத்திருக்கும் குழந்தையை எழுப்பி நிற்கவைக்க வேண்டும்; அதற்குத் தாமதம் செய்கிற வீட்டில் அண்டை அயலார் யாராவது திருடத்தான் செய்வார்கள். மெழுகுவர்த்தியும் வயலினுமாக வீடு வீடாகத் தேடிப் போக வேண்டும். ஞானப்பெற்றோர் நான்கு பேர் பட்டுத்துணியின் மூலைகளைப் பிடிக்க, குழந்தையை அதில் கிடத்தி ஊர்வலமாகக் கொண்டுவந்து, குடிலில் நிற்கவைத்து, எல்லோருக்கும் கேக்கும் ஒயினும் கொடுக்க வேண்டும். அவ்வளவுதானே!

நாம் ஏன் தாமதம் செய்தோம் என்று உனக்கே தெரியும். அந்தத் துணியில் ஒரு மூலை உனக்கு என்று போன வருடமே சொல்லிவைத்தவள் நீ. ஜனவரியில் வந்துவிடுவேன் என்றாய். குழந்தை காணாமல் போனதற்கு முந்தின நாள்தான் போனில், தங்குவதற்கான அனுமதிக் காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாய். உன் அப்பா, "பாக்கலாம்னுதானே சொல்லியிருக்கு, முடியாதுன்னு சொல்லலையே" என்று என்னிடம் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடப் போனோம். ஊர் வயலின்காரன் பெர்மின் வாசித்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் சாராயம் கொடுத்தார்களா, கடைசி வீட்டுக்கு வரும்போது வயலினே தள்ளாடியது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். எங்கேயும் இல்லை. உன் அப்பா மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கடைசியில் வந்தார். "ஊர்ல தொலைஞ்சதையெல்லாம் கண்டுபிடிக்கிறீங்க, சொந்த வீட்டுக் குழந்தையைத் தேடத் தெரியலையா?" என்று எதில்யா சீண்டினாள். "எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரணும்மா" என்றார்.

மெழுகுவர்த்தித் திருநாளும் வந்து போய்விட்டது. அதற்குமேல் குழந்தையைத் திருப்பித் தராமல் வைத்திருப்பது விளையாட்டில்லை, உனக்குத் தெரியும். ஊர் வாய் சும்மா இருக்குமா? உன் ஞானத்தகப்பன் இலாரியோவின் பெயர் கிளம்பியது. போன மழைக்காலத்தில் அவர் உருளைக்கிழங்குக்கு அடித்த மருந்து காற்றில் இந்தப் பக்கம் வந்து நம் தேனீப் பெட்டியே காலியானதும், உன் அப்பாவும் அவரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. "தேனீயைக் கொன்னவனுக்குக் குழந்தையைத் திருடக் கை கூசுமா?" என்று எதில்யா கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறாள். உழவு நேரத்தில் அவருக்கு யாரும் எருது தரவில்லை. அவர் மனைவி ஆவ்ரா ஜெபமாலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் காலையில் இலாரியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி நம் வேலியோரம் வந்து நின்றார். "அமதேயோ அண்ணே, உங்க தேனீயைக் கொன்னது நான்தான், ஒத்துக்கிறேன். ஆனா குழந்தையை நான் தொடல. என் பிள்ளைங்க மேல சத்தியம்" என்றார். உன் அப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டது, சுலாய். இலாரியோவின் தோளில் கையை வைத்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. பழைய சிநேகிதன் என்ற துக்கம் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கும் மூளை இருக்கிறதே!

அந்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோவில் வாசலில் நிற்கும்போது இவர் படியில் ஏறி நின்றார். திருமணத்தன்றுகூட நாலு பேர் முன்னால் பேசாத மனிதர். "எங்க வீட்டுக் குழந்தை பத்திரமா இருக்கு. எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். இலாரியோ இல்ல. இன்னொரு தடவை அவர் பேரை யாராவது இழுத்தா நான் மனுஷனா இருக்கமாட்டேன். எடுத்தவங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும், நான் குடுத்திருக்கேன்" என்றார். எதில்யாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "யாருன்னு மட்டும் சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சினாள். "சொன்னா நீ வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வெடிச்சிருவே" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இலாரியோ மட்டும் சிரிக்காமல், தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் அத்தனையும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு முட்டை காணாமல் போனால்கூடத் தரையைக் குனிந்து முகர்ந்து பார்க்கிற மனிதர், நம் வீட்டில் குழந்தை தொலைந்த அன்று குனியவே இல்லை. வாசலில் நின்று "அடடா" என்றார், அவ்வளவுதான். இன்னொன்று. சாப்பாட்டுக்கே கை கழுவாதவர், ஒரு மாதமாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, விதைக்கிழங்கைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பரணுக்கு ஏறுகிறார். கிழங்குக்கு எதற்கு இவ்வளவு சுத்தம்? இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்தவளுக்கு இது போதாதா?

மறுநாள் அவர் வாய்க்கால் திருப்பப் போனதும் ஏணியைப் போட்டு ஏறினேன். என் முழங்கால் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது. முளைகட்டிய விதைக்கிழங்குக் கூடைகளுக்கு நடுவில், புதுப் பார்லி வைக்கோல் பரப்பி, நம் குழந்தை படுத்திருந்தது. முதலில் எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்வெட்டிக் காம்பைத் தேடினேன். பாவி மனுஷன், ஊரையே தெருத் தெருவாக அலையவிட்டு, ஒரு நல்லவரைத் தலைகுனிய வைத்து, இதையா ஒளித்துவைத்தார் என்று. அப்புறம் போர்த்தியிருந்ததைப் பார்த்தேன். உன் பள்ளிக்கூடத்துச் சிவப்புக் கம்பளிச் சட்டை. முழங்கைப் பக்கம் நான் ஒட்டுப் போட்டதுதான். அங்கேயே கூடைமேல் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

காணாமல் போன குழந்தையை நிற்கவைக்க முடியாதல்லவா? திருநாள் போனாலும், திருடு போயிருக்கிறது என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? நீ வருகிற வரைக்கும் நேரத்தைப் பிடித்து வைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைக்கோல் ஈரமாக இருந்தது, அதை மட்டும் மாற்றிவிட்டு இறங்கினேன். எந்தக் கோழி எந்தப் பாத்தியில் நடந்தது என்று சொல்கிற மனிதருக்கு, வைக்கோல் மாறியது தெரியாமல் இருக்குமா? அன்று மத்தியானம் பானையிலிருந்து பெரிய உருளைக்கிழங்கை எடுத்து என் தட்டில் அவரே வைத்தார். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாளே நம் எருதுகளை ஓட்டிக்கொண்டு போய் இலாரியோவின் நிலத்தை இவரே உழுது கொடுத்துவிட்டு வந்தார். பழையபடி இருவரும் வரப்பில் உட்கார்ந்து புகையிலை மெல்லுகிறார்கள். ஆவ்ரா ஜெபமாலைக்கு வர ஆரம்பித்துவிட்டாள். அந்தமட்டில் எனக்கு நிம்மதி. ஆனால் ஊர்க்காரர்கள் இவரைத் தினமும் மடக்கி, "என்ன அண்ணே, அவகாசம் இன்னும் முடியலையா?" என்று கேட்கிறார்கள். இவர், "வழியில இருக்காங்க, வந்துக்கிட்டே இருக்காங்க" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் அடுப்பை ஊதப் போய்விடுகிறேன்.

மகளே, வா என்று நான் சொல்லவில்லை. அந்தக் காகிதம் இல்லாமல் வந்தால் திரும்பப் போகவிட மாட்டார்கள் என்ற உன் பயம் எனக்குத் தெரியும். நீ என்னிடம் சொன்னதில்லை. போனில் உன் அப்பா எப்போது வருகிறாய் என்று கேட்டதும், நீ மூச்சை இழுத்துக்கொள்வது என் காதில் விழுகிறது, அவர் காதில் விழவில்லை. வர முடியாது என்றால், ஸ்பீக்கரில் போட்ட பிறகே சொல். "அப்பா, இந்த வருஷம் என்னால முடியாது, என் மூலையை இலாரியோ பிடிக்கட்டும்" என்று உன் வாயால் சொல். அன்று முழுக்க எருக்குவியலைப் புரட்டிக்கொண்டிருப்பார். கண் கலங்கும், காஞ்சொறி பட்டுவிட்டது என்பார். அப்புறம், கண்டுபிடித்துவிட்டேன் என்று குழந்தையைக் கொண்டுவருவார், நானும் ஆச்சரியப்படுகிற மாதிரி வாயில் கையை வைத்துக்கொள்வேன். வருகிறாய் என்றாலும் சொல், கேக்குக்கு முட்டை சேர்க்க வேண்டும்.

பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே கண்ணே. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் உன் அப்பா குழந்தையை இன்னும் படுக்க வைத்திருக்கிறார்.

நீ எந்தப் பதிலைச் சொன்னாலும் உனக்கு என் ஆசீர்வாதம் உண்டு. கன்னி மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன் அம்மா,
பெனில்தா