ஆறு வருஷக் கணக்கு

அக்டோபர் 6, ஞாயிறு

சர்ச் முடிந்து அக்கா ஐலீன் வீட்டில் சாப்பாடு. அவள் புருஷன் கிளியோபஸ் எங்கள் சர்ச்சின் டீக்கன், மூப்பர் மாதிரி. ஆண்டவருக்கே ஆலோசனை சொல்கிற முகம். கோழியைக் கடிக்கும் முன்பே பேப்பரை விரித்துவிட்டார்.

"வெர்னல், நீ சமைச்சுப் போடுற நம்ம கறுப்பர் காலேஜ்ல நூறு பேர் சேர்ந்தா முப்பது பேர்தான் முடிக்கிறானாம். மிச்சப் பேரு எங்க போறான்?"

"உங்க நீள ஜெபத்துக்குப் பயந்து ஓடுறான், டீக்கன்."

அவரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். அவர் மகன் பிரென்டிஸ் படிப்பது வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த பெரிய மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே கால்பந்து மைதானமே நம் ஊர் அகலம். என் மகள் ஜோனெட்டா எங்கள் காலேஜில் எட்டாவது வருஷம். பிள்ளை பெற நின்றாள், திரும்பப் போனாள். இப்போது வேதியியல் மட்டும் பாக்கி. அவள் சிரிக்காமல் தட்டையே பார்த்தாள்.

நவம்பர் 12

ஜோனெட்டா வகுப்புக்குப் போவதில்லை. முடி பின்னும் கடையே கதி. "விடும்மா, எனக்கு அது ஏறாது" என்கிறாள். டீக்கனுக்குக் கொண்டாட்டம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் — எந்த வாயால் போகச் சொல்ல?

நவம்பர் 15

வேதியியல் பேராசிரியை டாக்டர் பேர்ட்சாங் முடி பின்னும் கடைக்கே வந்துவிட்டாராம்! நாற்காலியில் உட்கார்ந்து, "என் முடியப் பின்னு கண்ணு. நீ பின்னி முடிக்கிற வரைக்கும் நான் பாடம் நடத்துறேன்." சாயங்காலம் வரை நடந்திருக்கிறது. முடியை நேராக்கும் க்ரீம் மண்டையை ஏன் எரிக்கிறது என்று இப்போது தெருவுக்கே தெரியும்.

நவம்பர் 18

போனாள்.

மார்ச் 2

அக்கா போனில் அழுதாள். பிரென்டிஸ் செப்டம்பரிலிருந்தே வகுப்புக்குப் போகவில்லை. அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறான். "ஒருத்தர்கூடக் கதவத் தட்டலடி." அங்கிருந்து வந்ததெல்லாம் கால்பந்து டிக்கெட் விளம்பரம்தான். பெரிய இடம் இல்லையா! "அவர்கிட்ட எதுவும் கேட்டுறாத" என்றாள்.

கேட்பேன். கூட்டம் பார்த்துக் கேட்பேன்: உங்க பையன் எங்க போனான், டீக்கன்?

மே 18, ஞாயிறு

பட்டதாரி ஞாயிறு. முடித்தவர்கள் அங்கியோடு சர்ச்சில் எழுந்து நிற்க, பெயர் வாசிப்பது டீக்கன் வேலை. "ஜோனெட்டா மே டுபோஸ்" — எலுமிச்சையைக் கடித்த வாயோடு வாசித்தார். சர்ச்சே கத்தியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் ஏறிக் கத்தினேன்.

வாசல்படியில் என்னைப் பிடித்தார். "எட்டு வருஷம்! ஆறு வருஷத்துக்குள்ள முடிக்கலன்னா பேப்பர்ல வந்த அந்த முப்பது பேர் கணக்குல சேராது, முடிக்காததுதான், தெரியும்ல?"

அங்கி போட்டு நிற்கிறவள் முடிக்கவில்லையாம். இந்தக் கணக்கைப் போடவும் ஒருவனுக்குச் சம்பளம். தூ!

கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கூட்டமும் இருந்தது. ஆனால் அக்காவுக்குப் பின்னால் பிரென்டிஸ், தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான். விழுங்கினேன். டீக்கனுக்காக இல்லை.

ஆகஸ்ட் 16

பிரென்டிஸ் எங்கள் காலேஜில் சேர்ந்தான். பெட்டியை அவனே தூக்கிப் போனான். டீக்கன் காரை விட்டு இறங்கவில்லை, யாராவது பார்த்துவிட்டால்? போய்க் கண்ணாடியைத் தட்டினேன். ஒரு விரல் அகலம் இறக்கினார்.

"இவன் முடிச்சிருவானா, வெர்னல்?"

சேர்த்து வைத்த கிண்டலெல்லாம் எங்கே போனதோ.

"அது தெரியாது. ஆனா இங்க தொலைஞ்சா தேடி வருவாங்க."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வண்டியை மட்டும் எடுக்கவில்லை.