அப்பாவின் படம் ஒட்டிய டிவிடி

பாரிஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? நான் சுகம். அப்பாவின் செத்தவீட்டு டிவிடி கிடைத்தது. அக்காவுக்கும் ஒன்று அனுப்பலாமென்று கொம்பியூட்டரில் கொப்பி எடுத்தால், ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது. என்னோடு அறையில் இருக்கும் குகதாசன் அண்ணை, "ஸ்டூடியோக்காரர் மேலை ஒட்டின படத்தாலைதான் டிஸ்க் ஆடுது. உரிச்சுப் போடு" என்றார். தண்ணீரில் நனைத்து, அப்பாவின் முகத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிறகு முழுதும் கொப்பியானது. கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். ஒரே மகனான நான் இந்த நாட்டு விசாவுக்குக் காத்துக்கொண்டு, ஊருக்கு வர வழியில்லாமல் இங்கே முகம் சுரண்டுகிறேன்.

அடுத்த டிவிடியிலாவது படம் ஒட்ட வேண்டாமென்று ஸ்டூடியோவில் சொல்லிவையுங்கோ என்று எழுத வந்தேன். அடுத்தது யாருடையது என்று யோசித்ததும் கை நின்றுவிட்டது.

பிரஷர் குளிசையை விடாமல் போடுங்கோ. வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
தயாபரன்